போகாமற் கெடும் உறவு: கொழும்புச் செட்டியார் தெருவும் வணிகத் தொடர்பு பேணலும்

“உறவு போகாமற் கெட்டது, கடன் கேளாமற் கெட்டது” என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. இல்லறத்தார் இதன் முற்பகுதியை நினைந்து உற்றார் வீட்டுக்குப் போய்வருவர். பொருள் கொடுத்தவர் பிற்பகுதியை நினைந்து தவணை நாளைக் குறித்துவைப்பர். இரு பகுதிகளும் ஒருங்கே பொருந்துவது வணிகனுக்கே. அவன் பழகும் மாந்தர் ஒரு வகையில் அவனுக்கு உறவினர். மற்றொரு வகையில் அவனுக்குக் கொடுக்க வேண்டியவர், அல்லது அவனிடமிருந்து பெற வேண்டியவர். ஆதலின் அவர்களிடம் அவன் போகவும் வேண்டும், கேட்கவும் வேண்டும். எப்பொழுது போவது, எப்பொழுது கேட்பது, கேட்பதற்கென்று மட்டுமே போனால் விளைவது யாது என்பவற்றை அறிந்தொழுகுவதே வணிகத் தொடர்பு பேணலின் சாரமாகும்.

இக்காலத்தில் கல்லூரியை விட்டு வெளியேறும் மாணவர் பலர் அரசாங்க உத்தியோகம் ஒன்றையே நம்பியிராது, அச்சுத்தொழில், கணக்காய்வு, கட்டட ஒப்பந்தம், கணினித்தொழில், ஏற்றுமதி முதலியவற்றிற் சொந்த முயற்சியாக இறங்குகின்றனர். இவர்களுக்கு வேண்டுவன முதலும் தொழிலறிவும் என்பதை எவரும் மறுப்பதில்லை. முதலைக் கடனாகப் பெறலாம். தொழிலறிவை நூல்வாயிலாகவும் பயிற்சிவாயிலாகவும் பெறலாம். மூன்றாவதாக வேண்டுவது மாந்தர் தொடர்பு. அதனைக் கடனாகப் பெறவும் இயலாது. பாடநூலிற் கற்கவும் இயலாது. அதன் இயல்பை விளக்குதற்குக் கொழும்பு மாநகரிலேயே ஒரு சிறந்த சான்று உண்டு. புறக்கோட்டைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையே அமைந்து, இன்று நகைக்கடைகள் நிரை நிரையாக விளங்கும் செட்டியார் தெருவின் வரலாறே அச்சான்றாகும். அவ்வரலாறு ஆக்கத்தையும் காட்டும், வீழ்ச்சியையும் காட்டும். இரண்டிலும் பாடமுண்டு.

முதலில் இரு சொற்களை வேறுபடுத்திக் கொள்ளுதல் நன்று. அறிமுகம் என்பது வேறு; தொடர்பு என்பது வேறு. அறிமுகம் ஒருமுறை நிகழ்ந்து முடிவது. விழாவிலோ, கூட்டத்திலோ, புகைவண்டியிலோ இருவர் சந்தித்துப் பெயரும் முகவரியும் மாற்றிக்கொள்வதோடு அது நிறைவுறும். தொடர்போ காலத்தினால் வளர்வது. வளர்க்காவிடிற் காலத்தினால் தேய்வது. திருக்குறளின் பொருட்பாலில் நட்பு, நட்பாராய்தல், பழைமை என்னும் மூன்று அதிகாரங்கள் 79, 80, 81 எனத் தொடர்ந்து வருதல் ஈண்டு நோக்கற்பாலது. நட்பின் இயல்பு கூறி, ஆராய்ந்து கொள்ளுமாறு கூறி, அதன்பின் நீண்ட பழக்கத்தின் உரிமையைத் தனியோர் அதிகாரமாக வகுத்தார் வள்ளுவர். ஆராய்ந்து கொண்ட நட்பும் பழைமை எய்திய பின்னரே முழுப்பயன் தரும் என்பது இவ்வைப்பு முறையாற் புலனாகின்றது. வணிகத்திலும் அவ்வாறே. பெட்டி நிறைய முகவரிச் சீட்டுக்களை வைத்திருப்பவன் அறிமுகம் மிக்கவன். அவனைத் தொடர்பு மிக்கவன் என்று கூறுதல் பொருந்தாது.

இனிச் செட்டியார் தெருவை நோக்குவோம். நாட்டுக்கோட்டை நகரத்தார் எனப்படும் தனவணிகர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்து கொழும்பிலே கடை வைத்தனர். அரிசி, புடைவை இறக்குமதியிலும், கோப்பித் தோட்டங்களை ஒட்டிய வியாபாரத்துக்குப் பணம் கொடுத்தலிலும் அவர்கள் ஈடுபட்டனர். 1869ஆம் ஆண்டில் முதன்முதல் காணப்பட்ட இலைநோய் அடுத்த பதினைந்து ஆண்டுகளிற் கோப்பிப் பயிரை அழித்தது. 1884ஆம் ஆண்டில் ஓரியண்டல் வங்கி முறிந்தது. பெரிய வங்கியே நிலைகுலைந்த அக்காலத்தைக் கடந்தும் செட்டியார் தெரு நிலைபெற்றது. தேயிலைக் காலத்தில் மேலும் தழைத்தது. இதற்குப் பணவளம் மட்டுமே காரணமெனக் கொள்ளுதல் பொருந்தாது. அவர்தம் தொழிலமைப்பிலேயே தொடர்பைப் பேணும் முறைகள் பல பின்னிக் கிடந்தன.

முதலாவது, கடையின் பெயர். நகரத்தார் தம் நிறுவனத்தின் பெயரை விலாசம் என்பர். முன்னோர் பெயர்களின் முதலெழுத்துக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டு அவ்விலாசம் அமையும். கொழும்புக் கடையில் அமர்ந்திருப்பவர் யாராயினும் வாடிக்கைக்காரர் கொண்ட உறவு விலாசத்தோடு கொண்ட உறவாகவே கருதப்படும். ஆள் மாறுவான், விலாசம் மாறாது.

இரண்டாவது, ஆள் மாறும் முறை. முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டிலேயே இருப்பார். கொழும்புக் கடையை நடத்துபவர் அவரால் அனுப்பப்பட்ட மேலாள். அவர்க்குக் கீழே அடுத்தாள். அவர்க்கும் கீழே பணப்பெட்டியின் அருகிலிருந்து தொழில் பழகும் பெட்டியடிப் பையன். மேலாள் ஏறக்குறைய மூன்றாண்டுக் காலம் கடையை நடத்திவிட்டு ஊர் திரும்புவார். அக்காலவரையறையை ஒரு ‘கணக்கு’ என்பர். மூன்றாண்டுக்கு ஒருமுறை தலைமை மாறும் கடையில் வாடிக்கைக்காரரின் நம்பிக்கை குலையாதிருத்தல் எங்ஙனம்? பொறுப்பை ஒப்புவித்தல் என்பது பேரேட்டையும் பெட்டிச் சாவியையும் கொடுப்பதோடு முடிவதன்று. இன்னார் சொன்ன நாளிற் கொடுப்பவர், இன்னார் இரண்டு நாள் தாழ்த்தினும் தவறாதவர், இன்னார்க்கு இன்ன பருவத்திற் பணமுடை ஏற்படும் என்னும் அறிவும் கைமாறுதல் வேண்டும். பெட்டியடிப் பையனாக இருந்தவன் அடுத்தாளாகி, அடுத்தாள் மேலாளாகும் படிமுறையில், அவ்வறிவு ஒருவர் தலைக்குள்ளேயே அடங்கி அவரோடு கப்பலேறிவிடாதபடி காக்கப்பட்டது.

மூன்றாவது, எழுத்து. நாள்வழியும் பேரேடும் எழுதி, குறித்த காலத்தில் ஐந்தொகை என்னும் வரவுசெலவு நிலைக் கணக்கை முதலாளிக்கு அனுப்புதல் மேலாளின் கடமை. அவற்றோடு கடிதங்களும் செல்லும். சந்தை நிலை, வட்டி நிலை, யாருடைய நாணயம் உயர்ந்தது, யாருடையது தளர்ந்தது என்னும் செய்திகள் கொழும்பு, இரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், சென்னை ஆகிய நகரங்களிடையே ஓயாது ஓடின. ஓர் ஊரிற் கொடுத்த பணத்தை மற்றோரூரிற் பெற உதவிய உண்டி முறைக்கும் இச்செய்தி ஓட்டமே ஆதாரம். காட்டியவுடன் பணம் கொடுக்க வேண்டிய தரிசன உண்டியைக் கொழும்பில் எழுதினால், மதுரையிலோ இரங்கூனிலோ உள்ளவர் எழுதியவரின் விலாசத்தை நம்பிப் பணம் கொடுத்தல் வேண்டும். நெடுநாள் கடிதப் பழக்கம் இல்லாதவன் எழுதிய உண்டி வெறுந்தாளே.

நான்காவது, காரியம் இல்லாத சந்திப்பு. செட்டியார் தெருவிலுள்ள பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும் நகரத்தார்க்கு வழிபாட்டிடமாக விளங்கியதோடு கூடுமிடமாகவும் விளங்கின. வணிகத்திலிருந்து மகமை எடுத்துக் கோயிலுக்குக் கொடுத்தல் அவர் வழக்கம். இரங்கூன் மாநகரில் நகரத்தார் மாதந்தோறும் கோயிலிற் கூடித் தமக்குள் நடப்பு வட்டியை நிர்ணயித்தனர் என்பது வரலாறு. ஆடி மாதத்திலே செட்டியார் தெருவிலிருந்து வேற்பெருமான் தேரேறித் தெற்கே காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கங்களுக்கு எழுந்தருளும் பொழுது, தெருவிலே நின்று வணங்கியவருள் கடன் கொடுத்தவரும் இருந்தனர், கடன்பட்டவரும் இருந்தனர். அன்று ஒருவரையொருவர் கண்டு நலம் விசாரித்தது வட்டிக்காக அன்று. ஆயினும் மறுநாட் கடைக்கு வந்த பொழுது அவர்கள் அந்நியராக வரவில்லை. பழமொழியின் முற்பகுதி கூறும் ‘போதல்’ இதுவே. இம்முறைகள் யாவும் அவர்தம் வட்டத்துள்ளே செவ்வனே இயங்கின. வட்டத்துக்கு வெளியே நிலை வேறு.

அக்காலத்திற் கொழும்பில் இயங்கிய அந்நிய வங்கிகள் பெருந்தோட்டங்களுக்கும் ஐரோப்பிய வணிக நிறுவனங்களுக்குமே பெரும்பாலும் நேராகக் கடன் கொடுத்தன. இந்நாட்டுச் சிறு வணிகனை அவை அறியா. அவனும் அவற்றின் வாயிலை மிதித்தறியான். இவ்விடைவெளியை நிரப்பியவர் செட்டியார். அவர் வங்கியிற் குறைந்த வட்டிக்குப் பணம் பெற்று, உள்ளூர் வணிகர்க்கு அதனினும் உயர்ந்த வட்டிக்குக் கொடுத்தனர். ஆனால் வங்கிக்கும் செட்டியார்க்கும் இடையிலும் ஒருவர் நின்றனர். அவர் சிறாப்பர். எந்தச் செட்டியாருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை வங்கிக்குச் சொல்பவரும், அக்கடனுக்குப் பிணை நிற்பவரும் அவரே. எனவே வங்கியதிகாரி வணிகனை அறிந்தது செட்டியார் வாயிலாக. செட்டியாரை அறிந்தது சிறாப்பர் வாயிலாக. இங்ஙனம் மூன்று படிகளைக் கடந்து சென்ற நம்பிக்கை நல்ல காலத்தில் தடையின்றி ஓடிற்று.

1925ஆம் ஆண்டிற் செட்டியார் நிறுவனங்கள் சில கடனைத் திருப்பிச் செலுத்த இயலாமல் வீழ்ந்தன. அந்நிய வங்கிகள் செட்டியார்க்குக் கொடுத்துவந்த கடனைப் பெரிதும் சுருக்கிக்கொண்டன. தவறியவர் சிலர், இடர்ப்பட்டவர் பலர். நாணயம் தவறாத செட்டியாரை நாணயம் தவறியவரினின்று பிரித்தறிதற்கு வேண்டிய நேர்ப்பழக்கம் வங்கிகளிடம் போதியவாறு இருந்ததாகக் கூற இயலாது. செட்டியாரை நம்பியிருந்த உள்ளூர் வணிகர்க்கோ இடர் இரட்டிப்பாயிற்று. அவர்கள் பணத்தின் ஊற்றோடு தொடர்புடையவர் என்று தம்மைக் கருதியிருந்தனர். உண்மையில் அவர்கள் தொடர்பு ஒரேயொரு வாய்க்காலோடு மட்டுமே. அவ்வாய்க்கால் அடைபட்டவுடன் ஊற்று எங்கிருக்கின்றது என்பதும் அவர்க்குத் தெரிந்திலது.

இந்நிலையை ஆராய்ந்த ஆணைக்குழு சேர் சொராப்ஜி பொச்கானவாலாவின் தலைமையில் 1934ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டது. இலங்கையர்க்கு நேரே கடனுதவி செய்யும் வங்கி ஒன்று வேண்டும் என்னும் கருத்து அதனால் வலுப்பெற்று, 1939ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் இலங்கை வங்கி தொடங்கப்பெற்றது. பொருளியல் மாணவர் இந்நிகழ்ச்சியை வங்கி வரலாற்றின் ஓர் அத்தியாயமாகக் கற்பர். தொழில் தொடங்குவோர் அதிலிருந்து கற்க வேண்டியது மற்றொன்று. பிறர் வாயிலாக வந்த தொடர்பைத் தன் தொடர்பாக ஆக்கிக்கொள்ளாதவன், அவ்விடையாள் வீழும் பொழுது தானும் வீழ்வான். நண்பர் ஒருவர் அழைத்துச் சென்று ஒரு பெருவணிகருக்கு அறிமுகம் செய்தாராயின், இரண்டாம் முறை அந்நண்பர் இன்றியே போகத்தக்க நிலையை உண்டாக்கிக்கொள்ளுதல் வேண்டும். அறிமுகஞ் செய்த நண்பருக்கு அதனைத் தெரிவித்து நன்றி கூறுதலும் வேண்டும்.

செட்டியார் தெருவின் வரலாற்றில் மற்றுமொரு குறையையும் மறைத்தலாகாது. ‘கேட்டல்’ என்னும் பிற்பகுதியில் நகரத்தார் வல்லுநர். தவணை நாள் அவர் ஏட்டிலே தவறியதில்லை. ‘போதல்’ என்னும் முற்பகுதியோ பெரும்பாலும் தம் இனத்தாரிடையேயும், தமக்குப் பணம் கொடுத்தாரிடையேயும் நின்றுவிட்டது. தம்மிடம் கடன்பட்ட சிங்கள நிலக்காரரும் கிராமத்து வணிகரும் அவரைக் கண்டது கடன் வாங்கும் நாளிலும் கடன் கேட்கும் நாளிலுமே. 1930ஆம் ஆண்டை ஒட்டிய உலகப் பொருளாதார மந்தத்தில் விலைகள் வீழ்ந்தன; கடன் தீர்க்க இயலாதவரின் தோட்டங்களும் வயல்களும் செட்டியார் கைக்கு மாறின. சட்டத்தின்படி அது உரிமையே. எனினும் அந்நிலங்களோடு நல்லெண்ணமும் கைநழுவிப் போயிற்று. பின்னர் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், 1953ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டமும் அவர்தம் தொழிலின் வேரையே தொட்ட பொழுது, அவர்க்காகப் பரிந்து பேசுவோர் வெளியே மிகுதியாக இருந்திலர் என்று கருத இடமுண்டு. நகரத்தாருட் பெரும்பாலோர் இந்நாட்டை விட்டு நீங்கினர். தெருவின் பெயரும் கோயில்களும் எஞ்சின. கேட்பதற்கென்று மட்டுமே போகும் உறவு, சட்டம் துணைநிற்குமட்டும் நிற்கும். அதற்கு மேல் நில்லாது.

இவ்வுண்மை தமிழர்க்கு மட்டும் உரியதன்று. எகிப்து நாட்டுப் பழைய கெய்ரோவில் யூதர் தொழுகைக்கூடம் ஒன்றின் அறையில் நூற்றாண்டுகளாகச் சேர்ந்து கிடந்த தாள்களை அறிஞர் சொலமன் ஷெக்டர் 1897ஆம் ஆண்டளவிற் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டு சென்றார். அவற்றுள் வணிகர் கடிதங்கள் பல. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மங்களூரில் வாழ்ந்து வாணிகஞ் செய்த ஆபிரகாம் பென் யிஜு என்னும் வணிகருடைய கடிதப் போக்குவரவும் அவற்றில் உண்டு. கடலுக்கப்பால் இருந்தவர்கள் மிளகின் விலையையும் அனுப்பிய சரக்கின் நிலையையும் எழுதியதோடு, குடும்ப நலத்தை விசாரித்தும், சிறு பரிசுப் பொருள்கள் அனுப்பியும் தொடர்பைக் காத்தனர். கடிதம் போய்ச்சேரப் பல திங்கள் செல்லும் அக்காலத்தில் அவர்கள் எழுதுவதை நிறுத்தினாரில்லை.

அண்மைக்கால ஆராய்ச்சி ஒன்றும் இங்குக் குறிக்கத்தக்கது. அமெரிக்க சமூகவியலறிஞர் மார்க் கிரனோவெட்டர் 1973ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், பிறர் வாயிலாகச் செய்தியறிந்து புதிய வேலை பெற்ற 54 பேரிடம், அச்செய்தியைத் தந்தவரை எத்துணை அடுத்துச் சந்தித்து வந்தனர் என வினவிய விவரத்தைத் தருகின்றார். அடிக்கடி சந்தித்தவர் வாயிலாகப் பெற்றோர் நூற்றுக்கு 16.7, இடையிடையே சந்தித்தவர் வாயிலாகப் பெற்றோர் 55.6, மிக அரிதாகச் சந்தித்தவர் வாயிலாகப் பெற்றோர் 27.8. நெருங்கிய நண்பர் ஒரே வட்டத்தில் உழல்வதால் ஒருவர் அறிந்ததையே மற்றவரும் அறிவர். சற்று எட்ட நிற்பவரோ வேறு வட்டத்தின் செய்தியைக் கொணர்வர் என்பது அவர் தரும் விளக்கம். இதிலிருந்து, தூரத்துப் பழக்கத்தைப் புறக்கணித்தல் பெரும் இழப்பு என்பது விளங்கும். பழைய பள்ளித் தோழன், முன்னாள் அயலவன், ஒருமுறை சரக்கு வாங்கிய வெளியூர்க் கடைக்காரன் ஆகியோர் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை நினைக்கப்பட்டாலும் போதும். அவ்வொன்றிரண்டு முறையும் தவறினால் அந்த இழை அறுந்துவிடும்.

இனிக் கொழும்புத் தமிழ் வணிகரின் பிற்கால அநுபவத்தை நோக்குவோம். யாழ்ப்பாணத்தாரும் தீவுப்பகுதியாரும் புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை ஆகிய இடங்களிலும், தெற்கே சிங்கள ஊர்களிலும் பல தலைமுறைகளாகக் கடை நடத்தி வந்தனர். 1958ஆம் ஆண்டிலும், 1977ஆம் ஆண்டிலும், எல்லாவற்றினும் கொடிதாக 1983ஆம் ஆண்டு ஆடி மாதத்திலும் தமிழர் கடைகள் சூறையாடப்பட்டன, எரியூட்டப்பட்டன. காலி வீதியிற் கரிந்த சுவர்கள் நின்றன. வேல் விழாவும் அதன்பின் சில ஆண்டுகள் நடைபெறாதிருந்து பின்னரே மீண்டும் தொடங்கிற்று.

கடையொன்று எரியும் பொழுது சரக்கு மட்டுமா எரிகின்றது? பேரேடும் எரிகின்றது. யார் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதற்குச் சான்றில்லை. தான் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதற்கும் சான்றில்லை. அந்நிலையிற் கடைக்காரனுக்கு எஞ்சுவது மற்றவர் உள்ளத்தில் அவனைப்பற்றி எழுதப்பட்டிருக்கும் கணக்கு ஒன்றே. மொத்த வியாபாரி அவனை வெறும் பேரேட்டுப் பெயராக மட்டும் அறிந்திருந்தால், பேரேட்டோடு அவனும் மறைவான். ஆளாக அறிந்திருந்தால், ‘முன்னைக் கணக்கைப் பின்பு பார்ப்போம், இப்பொழுது இச்சரக்கைக் கொண்டுபோய்க் கடையைத் திற’ என்று சொல்ல இடமுண்டு. அவ்வாறு சொல்பவர் தமிழராக மட்டும் இருத்தல் வேண்டும் என்பதில்லை. சிங்களவராகவும் முஸ்லிம்களாகவும் இருத்தல் கூடும். ஆனால் அத்தகைய சொல் இடர்வந்த நாளிற் புதிதாகப் பிறப்பதன்று. இடரில்லாத நாட்களிற் போய்வந்த போக்குவரவின் விளைவே அது. செட்டியார் தெரு கற்கத் தவறிய பாடத்தின் பெறுமதி இங்கே தெளிவாகின்றது.

இப்பாடத்தை இன்றைய தொழில் முயற்சிக்குப் பொருத்திக் காட்டுதற்கு ஓர் உதாரணம் கொள்வோம். வெள்ளவத்தையிற் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் செல்லும் குறுக்குத் தெரு ஒன்றில் இளைஞன் ஒருவன் சிறிய அச்சகம் ஒன்றைத் தொடங்குகிறான் எனக் கொள்க. பாடசாலைப் பரிசளிப்பு விழா ஒன்றில் அவன் ஓர் அதிபரையும், கொட்டாஞ்சேனையில் அலுவலகம் நடத்தும் கணக்காய்வாளர் ஒருவரையும், புறக்கோட்டைக் காகித வியாபாரி ஒருவரையும் சந்திக்கிறான். அன்றிரவு அவனிடம் இருப்பவை மூன்று அறிமுகங்கள். அவை மூன்று தொடர்புகளாவது எங்ஙனம்?

முதலாவது, இரண்டொரு நாட்களுக்குள் அவன் எழுத வேண்டும். கடிதமாயினும் மின்னஞ்சலாயினும் கைத்தொலைபேசிச் செய்தியாயினும் அமையும். அதிற் பேசிய பொருளைக் குறிப்பிடுதல் வேண்டும். ‘தங்களைக் கண்டது மகிழ்ச்சி’ என்று பொதுப்பட எழுதுவது எவருக்கும் எழுதத்தக்கது; ஆதலின் எவர் நினைவிலும் நில்லாது. ‘பழைய ஆண்டுமலர்களின் அட்டை கிழியாதிருக்க வழியுண்டா எனக் கேட்டீர்கள், இரண்டு மாதிரிகள் இத்துடன் அனுப்பியுள்ளேன்’ என்று அதிபருக்கு எழுதினால், சொன்னதைச் செய்பவன் என்னும் பெயர் முதற் கடிதத்திலேயே உண்டாகும்.

இரண்டாவது, ஒரு குறிப்பேடு வைத்தல் வேண்டும். பெயர், சந்தித்த இடம், பேசிய பொருள், தான் கொடுத்த வாக்கு, மீண்டும் தொடர்பு கொள்ள வேண்டிய நாள் ஆகிய ஐந்தும் அதில் இடம்பெறல் போதும். நகரத்தார் பணத்துக்குப் பேரேடு வைத்தாற் போல மனிதர்க்கும் பேரேடு வேண்டும். நினைவாற்றலை நம்புவோர் மறப்பது பெரும்பாலும் தாம் கொடுத்த வாக்கையே.

மூன்றாவது, பருவமறிந்து போதல் வேண்டும். பாடசாலைக்கு அச்சுவேலை மிகுவது பரீட்சைக் காலத்திலும் பரிசளிப்புக் காலத்திலும். கோயிலுக்குத் திருவிழா விஞ்ஞாபனம் வேண்டுவது கொடியேற்றத்துக்கு முன். வணிகர்க்கு நாட்காட்டி வேண்டுவது ஆண்டு முடிவில். இலங்கையில் வரி மதிப்பீட்டாண்டு மார்ச் 31ஆம் திகதி முடிவதால், அதனை ஒட்டிய வாரங்களிற் கணக்காய்வாளரிடம் சென்று நெடுநேரம் உரையாடுதல் அவருக்குத் தொல்லையே ஆகும். ஒரே செய்தி ஒரு வாரத்தில் உதவியாகவும் மறு வாரத்தில் உபத்திரவமாகவும் மாறும். பதில் வராதவிடத்து ஒருமுறை நினைவூட்டலாம், இருமுறையும் ஆகலாம். அதன்மேல் வற்புறுத்தாது விட்டு, அடுத்த பருவத்திற் புதிய காரணம் பற்றித் தொடர்புகொள்வதே தகுதி.

நான்காவது, கேட்கும் கடிதத்தையும் நலம் விசாரிக்கும் கடிதத்தையும் கலத்தலாகாது. தைப்பொங்கல் வாழ்த்தின் அடியிலே நிலுவைத் தொகையைக் குறிப்பவன் வாழ்த்தையும் கெடுக்கின்றான். நிலுவைக்குரிய மதிப்பையும் குறைக்கின்றான். நிலுவையைத் தெளிவாக, நாளும் தொகையும் குறித்துத் தனியே கேட்டல் வேண்டும். அது நாணயமான முறை. வாழ்த்தை எதையும் கேளாமல் அனுப்புதல் வேண்டும். அது நாகரிகமான முறை.

ஐந்தாவது, கெட்ட செய்தியை முந்திச் சொல்லுதல் வேண்டும். 2022ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் காகிதம் முதலிய இறக்குமதிப் பொருள்கள் அரிதாயின, விலையும் ஏறிற்று. குறித்த நாளில் வேலையை முடித்தல் இயலாது என்று உணர்ந்தவுடன் வாடிக்கைக்காரரிடம் போய்ச் சொல்பவன் ஒருவன். கேட்கும்வரை ஒளிந்திருப்பவன் மற்றொருவன். தாமதம் இருவர்க்கும் ஒன்றே. அடுத்த வேலை மட்டும் முன்னவனுக்கே கிட்டும். காகித வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய பணம் தவணை தவறும் என அறிந்த பொழுதும் இதுவே முறை.

ஆறாவது, தன் தொடர்புகளைத் தன்னோடு பூட்டி வைத்தலாகாது. அச்சகத்தில் தனக்கு அடுத்த நிலையிலுள்ள உதவியாளனை அதிபரிடமும் வியாபாரியிடமும் அழைத்துச் சென்று அறிமுகஞ் செய்தல் வேண்டும். நோயோ பயணமோ நேர்ந்தாலும் தொடர்பு நிறுவனத்தின் தொடர்பாக நிலைபெறுதற்கு இதுவே வழி. இதுபோலவே தனக்குத் தெரிந்த இருவர் ஒருவருக்கொருவர் பயன்படுவர் எனக் கண்டவிடத்து, தனக்கு ஊதியமில்லாவிடினும் அவர்களை இணைத்துவைப்பவன் இருவர் உள்ளத்திலும் இடம்பெறுவான்.

போரும் பெயர்வும் தமிழரை உலகெங்கும் சிதறச் செய்தமையால் இத்தொடர்பின் எல்லை இன்று மிக விரிந்துள்ளது. ஒரு காலத்தில் வெள்ளவத்தையிற் காலி வீதி நெடுகிலும் இருந்த ‘கொமியூனிகேஷன்’ கடைகளின் முன்னே, ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் உள்ள பிள்ளைகளின் குரலைக் கேட்கப் பெற்றோர் காத்திருந்தனர். இன்று கைத்தொலைபேசி அக்காத்திருப்பை நீக்கிவிட்டது. கூறைச்சேலைக்கும் நகைக்கும் திருமண அழைப்பிதழுக்கும் வெளிநாட்டிலிருந்தே ஏற்பாடு செய்கின்றவர் பலர். எளிமையாகிவிட்ட கருவி ஓர் ஏமாற்றத்தையும் உடன்கொணர்ந்தது. ஒரே வாழ்த்துப் படத்தை ஒரே விரலசைவில் முந்நூறு பேருக்கு அனுப்பிவிட்டு, முந்நூறு பேரோடும் தொடர்பு பேணியதாக எண்ணுவோர் உளர். பெறுபவர் தம்மை ஒருவராக நினைந்து எழுதியதையும், கூட்டத்துள் ஒருவராக எண்ணி எறிந்ததையும் வேறுபடுத்தி அறிவர். மூன்று பேருக்கு மூன்று வரி எழுதுவதே மேல்.

தொடர்பு பேணல் என்பது புகழ்ச்சியாலும் பசப்பாலும் பிறரைத் தன்வயப்படுத்தும் தந்திரமாகி விடலாகாதா என்னும் ஐயம் எழலாம். அவ்வாறு ஆவதும் உண்டு. வள்ளுவர் வணிகர்க்குரிய அறத்தை நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்தமை அதற்கு விடையாகும். பிறர் பொருளையும் தன் பொருள்போலப் பேணாதவன் எத்தனை கடிதம் எழுதினும், எத்தனை விழாவுக்குச் சென்றாலும், ஈற்றில் அவன் வேடம் வெளிப்படும். சரக்கு நன்றாய், நிறை சரியாய், வாக்கு உண்மையாய் இருக்குமிடத்தே தொடர்பு பேணல் அந்நன்மையைப் பிறர் அறியச் செய்யும். அவை இல்லாவிடத்து அவற்றின் இன்மையையே விரைந்து அறியச் செய்யும்.

செட்டியார் தெருவிலே பழைய விலாசங்கள் பல இன்று இல்லை. பிற தெருக்களில் எரிந்த கடைகளின் இடத்திற் புதிய கட்டடங்கள் எழுந்துள்ளன. ஆயினும் ஆடி மாதத்தில் வேல் அத்தெருவிலிருந்து புறப்படும் பொழுது, பழைய வழியே பழைய மனிதரின் பேரப்பிள்ளைகள் ஒருவரையொருவர் காண்கின்றனர். கலகம் கடையை எரிக்கும். சட்டம் தொழிலை நிறுத்தும். பஞ்சம் முதலை உண்ணும். போய்வந்து வளர்த்த உறவை இவை எளிதில் அழிக்க இயலா. அதனை அழிக்க வல்லது, இன்று போகலாம், நாளை போகலாம் என்று நாளைக் கடத்தும் சோம்பல் ஒன்றே. பழமொழியைச் சொன்ன முன்னோர் உறவை முதலிலும் கடனைப் பின்னும் வைத்தமையை, தொழில் தொடங்கும் மாணவர் மறவாதிருத்தல் நன்று.